மாட்டுங்காவில் பிரெஞ்சு தெரிந்த ஒரே மாமி

பம்பாய் மாட்டுங்கா கிழக்கில் பிரெஞ்சு தெரிந்தவர் என்று ஒருவர்தான் உண்டு. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. முதல் வாக்கியம் கட்டடம் கட்டடமாகப் பரவியிருந்தது. இரண்டாவது வாக்கியத்தை அறிந்தவர் மாட்டுங்காவிலேயே ஒருவர்தான். அவர் பெயர் பத்மஜா. ஊருக்குப் பத்மஜா மாமி.

இந்த நிலைமைக்கு மாமி காரணமில்லை. 1984இல் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு பிரெஞ்சு இயந்திரக் கம்பெனியின் கிளை இருந்தது. அங்கே முன்பு வேலை பார்த்த டைப்பிஸ்டுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரும். யாரையெல்லாம் வேலையை விட்டு அனுப்பலாம் என்று மானேஜர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய ரகசியக் கடிதத்தை அவர் அடித்து முடித்த அரை மணியில், அந்தப் பட்டியல் பியூனின் வாயில் இருந்தது. அதற்குப் பிறகு மானேஜர் ஒரு கொள்கை வகுத்தார்: இனி டைப்பிஸ்டாக வருகிறவருக்கு ஓர் எழுத்துகூடப் புரியக்கூடாது. நேர்முகத்துக்கு வந்த பதினொரு பேரில் பத்துப் பேர் தங்களுக்குப் பிரெஞ்சு சுமாராக வரும் என்று புளுகினார்கள். இருபத்திரண்டு வயதுப் பத்மஜா மட்டும் "தெரியாது" என்றார். வேலை கிடைத்தது. இந்த விஷயத்தில் அவர் சொன்ன உண்மைக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

முப்பத்தாறு வருஷம் மாமி பிரெஞ்சு அடித்தார். மானேஜர்கள் கையால் எழுதித் தருவார்கள். மாமி ஓர் எழுத்தைப் பார்ப்பார், அடிப்பார். அடுத்ததைப் பார்ப்பார், அடிப்பார். சில எழுத்துகளின் தலையில் ஈ உட்கார்ந்ததுபோல் ஒரு கோடு இருக்கும். அதையும் விடாமல் அடிப்பார். ஒரு பிழை கிடையாது. புரிந்தால்தானே பிழை வரும்? ஆபீசில் பேச்செல்லாம் இங்கிலீஷ், பியூனோடு ஹிந்தி. ஆகவே அந்தப் பாஷை காதிலும் விழுந்ததில்லை. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் வரும் இரண்டு நீண்ட வரிகள் மட்டும் எப்போதும் ஒரே மாதிரி இருந்தன. அது என்னவென்று ஒரு தடவை கேட்டார். "மரியாதை. வேறொன்றும் இல்லை" என்றார் மானேஜர். மாமியின் மொத்தப் பிரெஞ்சு அறிவும் அந்த இரண்டு வரிதான்.

பெண் பார்க்க வந்தபோது மாமியின் அப்பா, "பிரெஞ்சுக் கம்பெனி லெட்டரெல்லாம் இவ கையாலதான் போறது" என்றார். பொய் இல்லை. மாப்பிள்ளை ஜெயராம், ரயில்வே கணக்குப் பிரிவில் குமாஸ்தா, அதைத் தனக்கு வேண்டிய விதத்தில் கேட்டுக்கொண்டார். கல்யாணமான நாலாம் நாள் பத்மஜா மனசாட்சியோடு உட்கார்ந்தார்.

"ஏன்னா, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அடிக்கத்தான் தெரியும்."

"தெரியாமயா அடிக்கறே? தற்பெருமை பேசத் தெரியாதுன்னு சொல்லு" என்று ஜெயராம் சிரித்து, அன்று மாலையே சயான் வரை போய் நாலு வீட்டில் மனைவியின் அடக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் மாமி மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பதில் ஒரு சுகம் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. சங்க விழாக்களில் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பையன்கள் வாங்கிவந்த களிம்பு, சென்ட் பாட்டில், மாத்திரைச் சீட்டு எல்லாம் மாமியிடம் வந்தன. மாமி கண்ணாடியை ஏற்றி, "வெளியில் மட்டும் தடவவும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்" என்று படித்துச் சொல்வார். உலகத்தில் முக்கால்வாசிப் பொருளுக்கு இது பொருந்தும். யாரும் சாகவில்லை. ஆகவே மாமியின் பிரெஞ்சில் குறை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கச்சேரி வந்தது.

பிரெஞ்சுக் கலைக்குழு ஒன்று அறுபது வருஷத்துப் பிரெஞ்சு ஜனரஞ்சகப் பாட்டுகளை ஊர் ஊராகத் திறந்தவெளியில் இலவசமாகப் பாடிக்கொண்டு வந்தது. தாத்தா முணுமுணுத்த பாட்டு, அப்பா ஆடிய பாட்டு, பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் பாட்டு, எல்லாம் ஒரே மேடையில். பம்பாயில் அவர்கள் கேட்ட மைதானம் கிடைக்கவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் மகாதேவன் எப்படியோ மோப்பம் பிடித்து மாட்டுங்கா மைதானத்தைத் தூக்கிக் கொடுத்தார். கொடுத்த கையோடு மாமி வீட்டுக்கு வந்தார்.

"அவா பாடிண்டே போவா மாமி, நம்மவா முழிச்சிண்டே உக்காந்திருப்பா. இலவசம்னா கூட்டம் வரும். புரியலேன்னா போண்டா ஸ்டாலுக்குப் போயிடும். நீங்க மேடையில நின்னு ஒவ்வொரு பாட்டுக்கும் அர்த்தம் சொல்லணும். நோட்டீஸ்ல பேர் போட்டாச்சு."

"கேக்காமயே போட்டுட்டேளா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேள். உங்க சுபாவம் எங்களுக்குத் தெரியாதா?"

ஜெயராம் உள்ளேயிருந்து, "அவ சொல்வா, நீர் போம்" என்றார்.

மாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் இந்தக் காலத்தில் கெட்டிக்காரத்தனம் கையடக்கமாகக் கிடைக்கிறது. பன்னிரண்டு பாட்டுகளும் எழுத்தில் வாட்ஸப்பில் வந்தன. பெங்களூரில் இருக்கும் மகள் வந்தனா போனிலேயே மொழிபெயர்க்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தாள். மாமி இரண்டே நாளில் பன்னிரண்டுக்கும் அர்த்தம் பிடித்து, நல்ல தமிழில், நாற்பது பக்க நோட்டில் முத்து முத்தாக எழுதிவிட்டார். பயம் தெளிந்தது.

தெளிந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. ஏழாவது பாட்டில் ஒரு சொல். கை பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டது; கம்பெனிக் கடிதங்களில் பல்லாயிரம் தடவை அடித்த சொல். அதற்கு 'வருந்துகிறோம்' என்று அர்த்தமாம். சரக்கு தாமதமானதற்கு, வேலையை விட்டு அனுப்பியதற்கு, யாரோ செத்ததற்கு என்று இத்தனை வருஷம் யார் யாரிடமோ வருத்தம் தெரிவித்துக்கொண்டே வந்திருக்கிறோம், நமக்கே தெரியாமல் என்று மாமி நினைத்துக்கொண்டார். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு, காலை பதினொரு மணிக்குக் கரீம் பாட்சா வந்தார். தாராவி தொண்ணூறடி ரோட்டில் நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். மாட்டுங்கா சங்கத்தின் இருபது வருஷத்து நாற்காலியெல்லாம் அவருடையதுதான். பூர்வீகம் தென்காசிப் பக்கம். மைதானத்தை அளந்துவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்று, பையிலிருந்து லாமினேஷன் செய்த ஒரு காகிதத்தை எடுத்தார். தாராவியில் முக்கியமான காகிதமெல்லாம் லாமினேஷன் ஆகிவிடும். மழைத் தண்ணீர் உள்ளே வந்தாலும் மிதந்து தப்பிக்கும்.

"ஞாபகம் இருக்கா மாமி? பத்து வருசம் முந்தி நீங்க படிச்சுச் சொன்ன லெட்டர்."

மாமிக்கு ஞாபகம் இருந்தது. கரீம் பாட்சாவின் மனைவி நூர் நிஷாவுக்கு நசீர் என்று ஒரு தம்பி. தாராவித் தோல் பட்டறையில் தோலைக் கத்தியால் வெட்டிக் கொடுக்கும் கட்டர் மாஸ்டர். அக்காவிடம் சொல்லாமல் ஓர் ஏஜென்டைப் பிடித்து மார்செய் என்ற பிரெஞ்சு ஊருக்குப் போய்விட்டான். போனில் பெரிய சண்டை. அதோடு அந்த நம்பரும் செத்துப்போனது. அப்புறம் ஒரு நாள் இந்தக் கடிதம் வந்தது. மாமி அன்று கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். அடியில் தனக்குத் தெரிந்த இரண்டு வரி இருந்தது. உடனே, "பையன் சௌக்கியமா இருக்கானாம். ரொம்ப மரியாதையா எழுதியிருக்கா" என்றார். அவர்களும் மகிழ்ச்சியாக ஒரு டப்பா பிஸ்கெட் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"கச்சேரிக்குப் பிரெஞ்சுக்கார மேடம் வாராவல்லா? இந்த லெட்டர் வந்த ஆபீஸ் அவியளுக்குத் தெரியுமான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லணும். உங்களுக்கு அவிய பாஷையே தெரியும், வேலை ஏக்தம் சுளுவா முடியும்" என்றார் கரீம் பாட்சா. "எங்க வீட்டுல அவளுக்கு இப்ப வரைக்கும் கோவம் தீரல மாமி. நல்லா இருக்கான், நம்மள மறந்துட்டான்னு ஒரே வைராக்கியம். அவன் பேர எடுத்தா எந்திரிச்சுப் போயிருவா. ஆனா பாருங்க, நோட்டீஸப் பாத்ததும் அவளே பெட்டியத் திறந்து இத எடுத்துக் குடுக்கா."

"வச்சுட்டுப் போங்கோ" என்றார் மாமி. குரல் சரியாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஜெயராம் குறட்டை விட்டபோது மாமி கடிதத்தைப் போனில் படம் எடுத்தார். லாமினேஷனில் ஜன்னல் வெளிச்சம் பட்டு மூன்று தடவை சரியாக விழவில்லை. நாலாம் தடவை விழுந்தது. படித்தார். திரும்பப் படித்தார். பிறகு, பழக்கதோஷமோ என்னவோ, நோட்டை எடுத்துப் பன்னிரண்டாவது பாட்டுக்கு அடுத்த பக்கத்தில் அதையும் தமிழில் எழுதினார். இந்தத் தடவை முத்து முத்தாக வரவில்லை.

சாயங்காலம் காபி கொடுக்கும்போது, "ஏன்னா, பாட்சா லெட்டரை நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார்.

"நீ சொன்னா தப்பா இருக்காது. லெட்டர்லதான் தப்பு இருக்கும்" என்றார் ஜெயராம்.

நாற்பது வருஷம் ஒருவரை இப்படி நம்புவது பெரிய கொடுமை. மாமிக்கு அன்றுதான் அது தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் தப்பிக்க வழியும் இருந்தது. பாட்டுக்கு அர்த்தம் நோட்டில் இருக்கிறது. அந்தப் பிரெஞ்சுப் பெண்ணிடம் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அந்த ஆபீஸை மூடிட்டாளாம்" என்று கரீம் பாட்சாவிடம் சொன்னால் முடிந்தது. லாமினேஷன் திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். பத்மஜா மாமியின் பிரெஞ்சுக்கு ஆயுசு கெட்டி.

கச்சேரி அன்று ஆறு மணிக்கு அறுநூறு நாற்காலியும் நிரம்பி, செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் வந்தவர்கள் மதிலில் ஏறி நின்றார்கள். இலவசத்தின் மேல் நம் ஜனங்களுக்குள்ள பற்றைப் பார்த்து, கலைக்குழுவை நடத்தும் கிளேர் என்ற இளம்பெண் கண்கலங்கியதாகக் கேள்வி. மாமி மயில்கழுத்துப் பட்டில், நோட்டும் கையுமாக, மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் அருகே கரீம் பாட்சாவைத் தேடிப் போனார். அவர் ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்சா பாய். எனக்குப் பிரெஞ்சு தெரியாது."

"டென்ஷன் ஆகாதீங்க மாமி. மைக்க வாய்க்குப் பக்கத்துல வச்சுக்கிடுங்க, போதும்."

"கேளுங்கோ. அன்னிக்கும் தெரியாது. உங்க லெட்டர்ல என்ன இருந்ததுன்னு தெரியாமத்தான் சொன்னேன்."

கரீம் பாட்சா கயிற்றை விடவில்லை. "அப்ப என்னத்தப் பாத்துப் படிச்சீய?"

"கடைசி ரெண்டு வரி. அது மரியாதை."

மாமி நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் படித்தார். ஜெனரேட்டர் சத்தத்தில் இரண்டு இடத்தில் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. முடிந்ததும் கரீம் பாட்சா ஒன்றுதான் கேட்டார்.

"வலது கையா?"

"வலது கை."

"அவன் கட்டர் மாஸ்டர், மாமி."

கயிற்றை ஸ்டாண்டில் இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினார். பிறகு, "நான் இத அவகிட்டச் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். அந்தா, ரெண்டாவது வரிசையில, பச்சை துப்பட்டா. உங்க பேச்சக் கேக்கணும்னு நாலு மணிக்கே வந்து உக்காந்திருக்கா" என்றார்.

அதற்குள் மகாதேவன் மாமியின் பெயரை, பட்டங்கள் சேர்த்து, மூன்று தடவை மைக்கில் கூப்பிட்டுவிட்டார்.

மாமி மேடை ஏறினார். முன்வரிசையில் ஜெயராம், புது வேஷ்டியில், படம் பிடிக்கப் போனைத் தயாராக வைத்திருந்தார். மாமி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்றார். "டைப் அடிப்பேன், அவ்வளவுதான். உங்களுக்கெல்லாம் இத்தனை வருஷம் படிச்சுச் சொன்னது எதுவும் நிஜம் இல்லை."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தது. பிறகு கைதட்டல் எழுந்தது. சும்மா கைதட்டல் இல்லை. எழுந்து நின்று தட்டினார்கள். மகாதேவன் இன்னொரு மைக்கைப் பிடுங்கி, "பாத்தேளா, நிறைகுடம்" என்றார். ஜெயராம் படம் பிடிக்க மறந்து, போனோடு சேர்த்துக் கைதட்டினார், பெருமையில். மேளக்காரர் ஒரு பிரெஞ்சுக்காரர். என்ன நடக்கிறதென்று தெரியாமல் அவரும் ஓர் அடி அடித்து வைத்தார்.

"நிஜமாத்தான் சொல்றேன்" என்றார் மாமி. "நூர் நிஷா, உங்க லெட்டரையும் சேர்த்துத்தான்."

கைதட்டல் இன்னும் ஓங்கியது. அறுநூறு பேரில் தட்டாதவர்கள் இரண்டே பேர். ஸ்பீக்கர் அருகே நின்ற கரீம் பாட்சா ஒருவர். இரண்டாவது வரிசையில், துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு எழுந்தவள் இன்னொருத்தி. அவள் வரிசையை விலக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

மாமி நோட்டை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கி அவள் பின்னால் ஓடினார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லாரும் வழிவிட்டார்கள்.

மகாதேவன் இதற்கெல்லாம் கலங்குகிறவர் அல்ல. ஸ்டாண்டிலிருந்த நோட்டைப் பிரித்தார். பாட்டுக்கு ஒரு பக்கம் என்று ஒழுங்காக எழுதியிருந்தது. தாமே படிக்கத் தொடங்கினார். தாத்தா காலத்துப் பாட்டில் ஒருவன் மழையில் ரயிலுக்குக் காத்திருந்தான். அப்பா காலத்துப் பாட்டில் அதே மாதிரி ஒருவன் விளக்கு மின்னும் கூடத்தில் ஆடினான். பிள்ளை காலத்துப் பாட்டில் ஒருவன் மூச்சு விடாமல் வாடகையைத் திட்டினான். எல்லாவற்றுக்கும் கூட்டம் தலையாட்டியது.

வெளியே, பஸ் நிறுத்தத்தில் நூர் நிஷா நின்றாள். மாமி பக்கத்தில் போய் நின்றார். மூச்சு வாங்கியது. ஒரு பஸ் வந்தது. நூர் நிஷா ஏறவில்லை. இன்னொன்று வந்தது; அதிலும் ஏறவில்லை.

"லெட்டர்ல என்ன போட்டிருக்கு?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

மாமி வாயைத் திறந்தார். பிரெஞ்சு வராத வாயில் இப்போது தமிழும் வரவில்லை. "நூர் நிஷா..." என்பதற்குமேல் நகரவில்லை. பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே பன்னிரண்டாவது பாட்டு முடிந்தது. கூட்டம் விடவில்லை, இன்னொன்று, இன்னொன்று என்று விசிலடித்தது. கலைக்குழு பட்டியலில் இல்லாத ஒரு குதியாட்டப் பாட்டை எடுத்துவிட்டது. பாடி முடித்ததும் மகாதேவன் வழக்கம்போல நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கரீம் பாட்சாவின் ஒலிபெருக்கிகள் நல்ல சரக்கு. பஸ் நிறுத்தம் தாண்டி, கிங்ஸ் சர்க்கிள் வரை கேட்கும்.

"'அம்மணி, தங்கள் தம்பிக்கு வேலையிடத்து விபத்தில் வலது கை போய்விட்டது. எழுத இயலாது. ஆகவே அவர் சார்பில் நாங்கள் எழுதுகிறோம். தமக்குக் கோபம் தீர்ந்துவிட்டதாகவும், அக்காவுக்குத் தீர்ந்ததா என்று தெரிந்தால் போதும் என்றும் சொல்கிறார். மூன்று மாதம் இந்த விடுதியில் காத்திருப்பார். பதில் வந்தால் படித்துக் காட்டுவோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'"

மைதானம் முழுக்க உச்சுக் கொட்டியது. பிறகு பெருமூச்சு, பிறகு கைதட்டல். அன்றைய பாட்டுகளிலேயே அதுதான் உயர்ந்தது என்று பின்னால் எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள். மெட்டு மட்டும் கொஞ்சம் துள்ளலாக அமைந்துவிட்டது என்று ஒருவர் குறைப்பட்டார்.

நூர் நிஷா நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இதானா?"

"இதான்."

"மூணு மாசமா?"

"மூணு மாசம்."

"பத்து வருசம் ஆச்சு" என்றாள் நூர் நிஷா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மாமிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டைப் அடிக்கத் தெரியும்னு சொன்னீயல்லா, அதாச்சும் நெசமா?" என்று கேட்டாள்.

"அது நிஜம்."

"அப்ப அடிங்க."

மறுநாள் மாமி வீட்டுக்கு வந்து, கிளேர் அந்த விடுதிக்கு எழுத வேண்டிய பதிலைக் கையால் எழுதிக் கொடுத்தாள். மாமி மகளின் பழைய கம்ப்யூட்டரில் அடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். பக்கத்தில் நூர் நிஷா உட்கார்ந்திருந்தாள். கொடுத்த காபியைத் தொடவில்லை. அக்காவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்ற வரிக்கு வந்தபோது, "இது நெசமா அப்படித்தான் போட்டிருக்கா?" என்று தமிழ் தெரியாத கிளேரைப் பார்த்துக் கேட்டாள், மாமியைப் பார்த்து அல்ல. அந்த ஏழாவது பாட்டுச் சொல் வந்தபோது மாமியின் விரல் நின்றது. பல்லாயிரம் தடவை அடித்த சொல்தான். அதில் ஒரு பிழை வந்து, அழித்து, இன்னொரு தடவை அடித்தார்.

தாராவி வீடு எப்போது இடிபட்டு எங்கே போகும் என்று நிச்சயம் இல்லாததால் பதிலுக்கு மாட்டுங்கா விலாசத்தையே கொடுத்தார்கள். ஏழு வாரம் ஆகிறது. சங்கம் இதற்கிடையில் பத்மஜா மாமி நடத்தும் பிரெஞ்சு வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டி, பதினெட்டுப் பெயர் சேர்ந்திருக்கிறது. மூன்றாம் மாடிக் கோகிலவாணி நேற்று ஒரு களிம்பு டியூபைக் கொண்டுவந்தாள். "எனக்குத் தெரியாது" என்றார் மாமி. "சும்மா இருங்கோ மாமி" என்று அவள் அதை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

தபால்காரர் வருவது பன்னிரண்டரைக்கு. மாமி பன்னிரண்டுக்கே கீழே இறங்கிவிடுகிறார். ஜெயராம் பால்கனியிலிருந்து, பிரான்ஸிலிருந்து தன் மனைவிக்குத் தபால் வரவேண்டியிருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு மணிக்கு நூர் நிஷாவின் போன் வருகிறது.

"வந்துச்சா?"

"இல்லை."

அதற்குமேல் இருவரும் எதுவும் பேசுவதில்லை. வைத்துவிடுகிறார்கள்.